ரிசீவர் விழித்தது, ஆம்ப் விழிக்கவில்லை: தானாக ஆன் ஆகும் இணைப்பைச் சரிபார்க்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இயந்திரங்களை வரிசைப்படி ஓடவைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்த ஊர் ஓசூர். அசோக் லேலண்ட் லாரிகளும் டைட்டன் கடிகாரங்களும் அங்கே உருவாகின்றன. இன்று ஏத்தர் மின் ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன. இந்தத் தொழிற்சாலைகளில் எந்தக் கன்ட்ரோல் பேனலைத் திறந்தாலும் உள்ளே ஒரே ஒழுங்குதான். ஆயில் பம்ப் ஓடினால்தான் ஸ்பிண்டில் சுற்றும். பாதுகாப்புக் கதவு மூடினால்தான் பிரஸ் இறங்கும். 'நான் தயார்' என்று ஒரு பகுதி சிறிய வோல்டேஜ் ஒன்றை அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகே அடுத்த பகுதி வேலையைத் தொடங்கும். பேனல் வேலை செய்பவர்கள் இதை இன்டர்லாக் என்பார்கள்.

ஹோம் தியேட்டரில் நடப்பதும் இதே இன்டர்லாக்தான். டி.வி. ரிசீவரை எழுப்ப வேண்டும். ரிசீவர் ஆம்ப்ளிஃபையரை எழுப்ப வேண்டும். இந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் போச்சு. ஷிஃப்ட் முடிந்து வந்து ரிமோட்டை அழுத்துபவருக்குப் படம் தெரியும், சத்தம் வராது. எழுந்து போய் ஆம்பின் சுவிட்சைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாளும் அதே கதை.

பலர் இதற்குக் கண்டுபிடிக்கும் வழி, ஆம்பை நாள் முழுக்க ஆனிலேயே விட்டுவிடுவது. அது காசைக் கரைக்கும் வழி. சும்மா நிற்கும்போது 40 வாட் இழுக்கும் ஓர் ஆம்ப் ஒரு நாளைக்கு 0.96 யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அந்த இரண்டு மாதத்தில் இது ஏறக்குறைய 58 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் யாரும் கேட்காத ஆம்புக்குப் போய்விடும்.

இன்னொரு வழி, ஆம்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போவது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நெரிசலில் நின்று நின்று, 20 கிலோ எடையுள்ள பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினால், அங்கே மேசையில் அது முதல் அழுத்தலிலேயே ஆன் ஆகும். காரணம் எளிது. இந்தக் கோளாறில் பெரும்பாலும் ஆம்பின் மேல் குற்றமில்லை. 'எழுந்திரு' என்று அதற்குப் போக வேண்டிய தகவல்தான் வழியில் எங்கோ நின்றுபோகிறது. எங்கே நிற்கிறது என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து வீட்டிலேயே அளந்துவிடலாம்.

தகவல் போகும் மூன்று வழிகள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டில் இருக்கும் ஆம்ப் எந்த வழியில் எழுப்பப்படுகிறது என்பது. மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, 12 வோல்ட் ட்ரிக்கர். ரிசீவர் ஆன் ஆனதும் அதன் பின்பக்கம் உள்ள ஒரு சிறிய ஜாக்கில் 12 வோல்ட் டி.சி. வரும். ஒரு ஒயர் அதை ஆம்புக்குக் கொண்டுபோகும். வோல்டேஜ் இருந்தால் ஆம்ப் ஆன், இல்லாவிட்டால் ஆஃப்.

இரண்டு, சிக்னல் சென்சிங். தனி ஒயர் கிடையாது. ஆடியோ ஒயரில் ஒலி வருகிறதா என்று ஆம்பே காத்திருந்து பார்க்கும். வந்தால் எழும், குறிப்பிட்ட நேரம் வராவிட்டால் தூங்கும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் சப்வூஃபர்களில் இதுதான் அதிகம்.

மூன்று, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் போகும் சி.இ.சி. கட்டளை. டி.வி.யும் ரிசீவரும் ஒன்றையொன்று எழுப்பிக்கொள்வது இதனால்தான். பவர் ஆம்புக்கு எச்.டி.எம்.ஐ. ஜாக் கிடையாது என்பதால் இந்தக் கட்டளை ரிசீவரோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆம்ப் வரைக்கும் மேலே சொன்ன இரண்டில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும்.

கோளாறு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரின் முகப்பை. ரிசீவர் உண்மையிலேயே ஆன் ஆகியிருக்கிறதா? பல ரிசீவர்களில் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் செட்-டாப் பாக்ஸின் படத்தை டி.வி.க்குக் கடத்தும் வசதி உண்டு. டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் சத்தமும் வரும். பார்ப்பவர் ரிசீவர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஆம்பைக் குறை சொல்வார். ரிசீவரின் எழுத்துத்திரை இருட்டாக இருந்தால் கோளாறு டி.வி.க்கும் ரிசீவருக்கும் நடுவில். எழுத்து தெரிந்து, ஆம்ப் மட்டும் தூங்கினால், ரிசீவருக்கும் ஆம்புக்கும் நடுவில். இந்த ஒரு பார்வையிலேயே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

ட்ரிக்கர் ஒயர்: கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

ட்ரிக்கர் ஜாக் 3.5 மில்லிமீட்டர் அளவு. பழைய இயர்போன் ஜாக்கைப் போலவே இருக்கும். அதுதான் முதல் சிக்கல். ரிசீவரின் பின்பக்கம் இதே அளவில் வேறு ஜாக்குகளும் இருக்கும். ரிமோட் சிக்னலைக் கடத்தும் 'ரிமோட் கன்ட்ரோல் இன்', 'ரிமோட் கன்ட்ரோல் அவுட்' ஆகியவை அதில் சேர்த்தி. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, கிடைத்த ஓட்டையில் பின்னைச் சொருகியவர்களுக்கு இதிலேயே கோளாறு முடிந்துவிடும். டார்ச் அடித்து எழுத்தைப் படித்துத்தான் சொருக வேண்டும். ரிசீவர் பக்கம் 'ட்ரிக்கர் அவுட்'. ஆம்ப் பக்கம் 'ட்ரிக்கர் இன்'. ஆம்பிலும் ஒரு 'ட்ரிக்கர் அவுட்' இருக்கலாம். அது அடுத்த ஆம்பை எழுப்புவதற்கு. அதில் சொருகினால் எதுவும் நடக்காது.

அடுத்தது பின். ட்ரிக்கருக்கு வேண்டியது மோனோ பின். அதில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருக்கும். நுனியில் 12 வோல்ட், தண்டுப் பகுதியில் கிரவுண்ட். கடையில் 'ஆக்ஸ் ஒயர்' என்று கேட்டால் கிடைப்பது ஸ்டீரியோ பின். இரண்டு வளையம் இருக்கும். பல நேரம் அதுவும் வேலை செய்யும். ஆனால் டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களின் கையேடு மோனோ பின்னைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. மைக் உள்ள ஹெட்செட் ஒயரை வெட்டி எடுத்து ஒட்டியதாக இருந்தால் மூன்று வளையம் இருக்கும்; எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லவே முடியாது. இரண்டு முனையிலும் மோனோ பின் உள்ள ஒயரை வாங்கிவிடுவதே முறை. ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ நிச்சயம் கிடைக்கும். பின்னும் ஒயரும் தனித்தனியாக வாங்கிச் சால்டர் வைத்துக்கொண்டாலும் சரி.

மூன்றாவது, ஆம்பின் பின்னால் உள்ள தேர்வு சுவிட்ச். பல ஆம்புகளில் 'ஆன்', 'ஆட்டோ', 'ட்ரிக்கர்' என்று மூன்று நிலைகள் இருக்கும். வீடு சுத்தம் செய்யும்போது அலமாரியை நகர்த்தினால் இந்தச் சுவிட்ச் நகர்ந்துவிடும். அது 'ட்ரிக்கர்' நிலையில் இருக்க வேண்டும். கரன்ட் ஒயருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மெயின் சுவிட்சோ எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். இரவில் அதை அணைத்துவிடும் பழக்கம் உள்ள வீட்டில், காலையில் ட்ரிக்கர் எவ்வளவு சரியாக வந்தாலும் ஆம்ப் எழாது.

நான்காவது, மெனு. ட்ரிக்கர் ஜாக்கில் எப்போது 12 வோல்ட் வர வேண்டும் என்பதை ரிசீவரின் செட்டிங்கில் தீர்மானிக்கலாம். டெனானில் 'ஜெனரல்' பகுதியில் 'ட்ரிக்கர் அவுட்' என்று இருக்கும். யமஹா அவென்டேஜ் வரிசையின் சில மாடல்களில் 'ஃபங்ஷன்' பகுதியில் இருக்கும். எந்த அறைக்கு, எந்த இன்புட்டுக்கு என்று பிரித்துக் கொடுக்க முடியும்.

இதில்தான் பலரைக் குழப்பும் ஓர் அறிகுறி பிறக்கிறது. ப்ளூ-ரே போட்டால் ஆம்ப் எழும், டி.வி.க்குள் இருக்கும் ஓ.டி.டி. ஆப்பில் படம் போட்டால் எழாது. ஒயரும் நன்றாக இருக்கும், ஆம்பும் நன்றாக இருக்கும். ட்ரிக்கர் 'டி.வி. ஆடியோ' இன்புட்டுக்கு ஒதுக்கப்படாமல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு இன்புட்டில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாவிட்டால் ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டாம். மெனுவைத் திறக்க வேண்டும். ரிசீவரை ரீசெட் செய்த பிறகு வரும் கோளாறுக்கும் இதே மருந்து.

மல்டிமீட்டர் சொல்லும் தீர்ப்பு

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆம்ப் எழாவிட்டால் அளக்க வேண்டிய நேரம். மீட்டரை டி.சி. 20 வோல்ட் வரம்பில் வைக்க வேண்டும். ரிசீவரின் ஜாக்குக்குள் மீட்டர் முனையை நுழைப்பது கூடாது. உள்ளே நுனியும் கிரவுண்டும் ஒட்டி ஷார்ட் ஆகலாம். ட்ரிக்கர் ஒயரை ரிசீவரில் சொருகியபடியே விட்டு, ஆம்ப் பக்கத்துப் பின்னை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். அந்தப் பின்னை மேசையில் ஒரு டேப் போட்டு ஒட்டிக்கொண்டால் கை நடுங்காது. சிவப்பு முனையைப் பின்னின் நுனியிலும், கறுப்பு முனையைத் தண்டிலும் வைத்து, ரிசீவரை ஆன் செய்யச் சொல்ல வேண்டும்.

மீட்டரில் 12 வோல்ட் அல்லது அதற்கு மிக அருகில் வந்தால், ரிசீவர், மெனு, ஒயர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. பூஜ்யம் வந்தால் வேறு ஒரு ஒயரைப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் பூஜ்யம் என்றால் மெனு, அல்லது ரிசீவரின் ட்ரிக்கர் பகுதி. வோல்டேஜுக்கு முன்னால் கழித்தல் குறி தெரிந்தால், சால்டர் வைத்தவர் ஒரு முனையில் கம்பியை மாற்றி வைத்திருக்கிறார்.

இனி ஆம்ப் பக்கம். ஒரு 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை ஒரு பின்னின் நுனிக்கும் நெகட்டிவைத் தண்டுக்கும் கொடுத்து, அந்தப் பின்னை ஆம்பின் 'ட்ரிக்கர் இன்' ஜாக்கில் சொருகிப் பார்க்கலாம். பெரும்பாலான ஆம்புகள் 9 வோல்ட்டுக்கே எழுந்துவிடும். எழுந்தால் ஆம்புக்கு எந்த நோயும் இல்லை. ரிசீவரிலிருந்து 12 வோல்ட் வந்தும், பேட்டரி கொடுத்தும் எழாத ஆம்ப்தான் சர்வீஸுக்குப் போக வேண்டிய ஆம்ப்.

மூன்றாவது ஓர் அளவு இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுவார்கள். ஆம்ப் இணைந்திருக்கும்போது ட்ரிக்கர் வோல்டேஜ் எவ்வளவு? தனியாக அளந்தால் 12, ஆம்பைச் சேர்த்ததும் 4 அல்லது 5 என்று விழுந்தால், ஆம்ப் பக்கம் அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கிறது என்று அர்த்தம். இதை அளக்க, ஒரே ஜாக்கிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒய் ஒயர் உதவும்: ஒரு கிளை ஆம்புக்கு, இன்னொரு கிளை மீட்டருக்கு.

ஓசூரில் எளிதாகக் கிடைக்கும் தவறான ரிலே

கம்பெனி ஆம்ப் வாங்காமல், போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி அசெம்பிள் செய்த ஆம்பை ரிசீவரின் ப்ரீ-அவுட்டில் (வெளி ஆம்புக்கான ஒலி ஜாக்) கொடுத்துக் கேட்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு, டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர், அலுமினிய ஹீட்சிங்க் என்று உழைத்துக் கட்டிய ஆம்புகள் அவை. மேடைக்கு வாடகைக்குப் போகும் பி.ஏ. ஆம்புகளை வீட்டில் வைப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையிலும் பொதுவாக ட்ரிக்கர் ஜாக் இருக்காது. ஒரு ரிலே வைத்துத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர் போன்ற ஊரில் ரிலேக்குப் பஞ்சமில்லை. ஆனால் கைக்கு முதலில் கிடைக்கும் ரிலே பெரும்பாலும் தவறான ரிலே.

தொழிற்சாலை பேனலில் கழற்றிய ரிலே 24 வோல்ட் காயில் உள்ளதாக இருக்கும். பேனல்களில் கன்ட்ரோல் வோல்டேஜ் 24 டி.சி. என்பது வழக்கம். லாரி உதிரிபாகக் கடையில் வாங்கியதும் அப்படித்தான். கனரக வண்டிகளின் மின்சுற்று 24 வோல்ட். இந்த வகை ரிலே இழுக்க ஏறக்குறைய 17 முதல் 19 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் லேசாக முனகும், இழுக்காது.

கார் ரிலே 12 வோல்ட்தானே என்று அதை வாங்கினால் அடுத்த சிக்கல். அதன் காயில் ரெசிஸ்டன்ஸ் 80 முதல் 100 ஓம் அளவில்தான் இருக்கும். 12-ஐ 80-ஆல் வகுத்தால் 150 மில்லிஆம்பியர். 100-ஆல் வகுத்தால் 120. யமஹாவின் ட்ரிக்கர் ஜாக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 100 மில்லிஆம்பியர். டெனானின் பல மாடல்களில் 150. முதலாவதில் அளவு தாண்டிவிடும். இரண்டாவதில் விளிம்பில் நிற்கும். ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது. ரிசீவரின் ட்ரிக்கர் பகுதியே போய்விடவும் வாய்ப்பு உண்டு.

வாங்க வேண்டியது, பி.சி.பி.யில் பொருத்தும் சதுர வடிவச் சிறிய 12 வோல்ட் ரிலே. கடையில் 'சுகர் க்யூப்' என்று கேட்டால் தருவார்கள். அதன் காயில் ஏறக்குறைய 400 ஓம். இழுப்பது 30 மில்லிஆம்பியர்தான். வாங்கும் முன் மீட்டரை ஓம் வரம்பில் வைத்துக் காயிலை அளந்தே வாங்கலாம். 120 ஓமுக்குக் கீழே காட்டும் எதையும் 100 மில்லிஆம்பியர் ஜாக்கில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஒரே ட்ரிக்கரில் இரண்டு ரிலே போட்டால் கரன்ட் இரண்டு மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு கட்டாயம். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். ட்ரிக்கர் நின்றதும் காயிலில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து, எதிர்த் திசையில் பெரிய வோல்டேஜை உண்டாக்கும். டயோடு அதை விழுங்கிக்கொள்ளும். டயோடு இல்லாவிட்டால் அந்த அடி ரிசீவருக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்டரில் விழும். இரண்டு ரூபாய் சாமானைச் சேர்க்காமல் விட்டு ரிசீவரை இழக்க வேண்டாம்.

பெரிய டொராய்டு உள்ள ஆம்பை இந்தச் சிறிய ரிலேயின் காண்டாக்ட் வழியாக நேரடியாக ஆன் செய்வதும் சரியல்ல. ஆன் ஆகும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரன்ட்டில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆம்ப் அணையவே அணையாது. சிறிய ரிலே ஒரு காண்டாக்டரின் 230 வோல்ட் காயிலை இயக்கட்டும். காண்டாக்டர் ஆம்பை இயக்கட்டும். பேனல் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு இது சின்ன வேலை. 230 வோல்ட்டைத் தொடும் பகுதியை அவரிடமே விட வேண்டும். ட்ரிக்கர் ஒயரும் மெயின்ஸ் ஒயரும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும்.

ட்ரிக்கர் ஒயர் சொருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கிறதா? அந்த ஒயரின் கிரவுண்ட் வழியாக இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் இன்னொரு சுற்று உருவாகிவிட்டது. ரிலே போட்ட ஆம்பில், காயிலின் கிரவுண்டை ஆம்பின் உடம்போடு சேர்க்காமல் தனியாக விட்டாலே இரைச்சல் நிற்கும். ரிலேக்குப் பதிலாக பிசி817 ஆப்டோ-கப்ளர் வைப்பவர்களுக்கும் இதே லாபம். ஒளி மட்டும்தான் கடக்கும், கரன்ட் கடக்காது.

இரவில் மட்டும் தூங்கிவிடும் ஆம்ப்

சிக்னல் சென்சிங் ஆம்புகளின் கோளாறு நேரம் பார்த்து வரும். பகலில் நன்றாக எழும் சப்வூஃபர், இரண்டாவது ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வந்தவர் குழந்தைகள் தூங்குகிறார்களே என்று சத்தத்தைக் குறைத்து வைத்தால் எழாது. அல்லது படத்தின் நடுவில், பேச்சு மட்டும் நீளும் காட்சியில், சத்தமில்லாமல் அணைந்துவிடும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். டெசிபல் கணக்கில் 20 குறைந்தால் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்காகும். முழு வால்யூமில் ப்ரீ-அவுட்டில் 1 வோல்ட் வரும் என்று வைத்துக்கொண்டால், -40-ல் 10 மில்லிவோல்ட். -60-ல் 1 மில்லிவோல்ட். சென்சிங் சர்க்யூட் எழுவதற்குச் சில மில்லிவோல்ட்டாவது வேண்டும். இரவு நேர வால்யூம் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது.

ஆம்ப் இப்படித் தானாகத் தூங்கிவிடுவதற்கு ஐரோப்பாவின் சட்டமும் ஒரு காரணம். வீட்டு மின்சாதனங்கள் ஸ்டாண்ட்பையில் எடுக்கும் கரன்ட்டைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் கொண்டுவந்த விதியின் இரண்டாம் கட்டம் 2013 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஸ்டாண்ட்பையில் அரை வாட் என்ற அளவையும், பயன்பாட்டில் இல்லாதபோது சாதனம் தானாகவே அந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதையும் அது கட்டாயமாக்கியது. உலகச் சந்தைக்கு ஒரே மாடலைத் தயாரிக்கும் கம்பெனிகளின் ஆம்பும் சப்வூஃபரும் அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் வருகின்றன.

சரிசெய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. சப்வூஃபரின் பின்னால் உள்ள கெய்ன் குமிழைக் குறைத்துவிட்டு, ரிசீவரின் ஸ்பீக்கர் லெவல் மெனுவில் சப்வூஃபருக்கு அதே அளவு கூட்ட வேண்டும். காதுக்குக் கேட்கும் சத்தம் மாறாது. ஆனால் ஒயரில் போகும் சிக்னல் பெரிதாகிவிடும். கெய்ன் 6 டெசிபல் குறைந்து, மெனுவில் 6 டெசிபல் கூடினால் சென்சருக்குப் போகும் வோல்டேஜ் இரண்டு மடங்காகும். மெனுவைக் கடைசி எல்லை வரை ஏற்றாமல் சில டெசிபல் இடம் விட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அதிரடிக் காட்சியில் ஒலி உடையும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: ஆம்ப் அணையவே மாட்டேன் என்கிறது. ஒயரில் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் சென்சர் பாட்டு என்று எடுத்துக்கொள்கிறது. கரன்ட் ஒயருடன் கட்டாகக் கட்டி வைத்த ஆடியோ ஒயரைப் பிரித்து வைத்தாலே பல வீடுகளில் தீரும். ட்ரிக்கர் ஆம்ப் அணையாவிட்டால், ரிசீவரில் இரண்டாவது அறைக்கான 'ஜோன் 2' ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ட்ரிக்கர், சிக்னல் இரண்டும் உள்ள ஆம்ப் என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது ட்ரிக்கரைத்தான். ட்ரிக்கருக்கு வால்யூம் ஒரு பொருட்டே அல்ல.

டி.வி. ரிசீவரை எழுப்பாதபோது

எச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 இணைப்புகள். அதில் 13-வது இணைப்பு சி.இ.சி. கட்டளைக்கானது. அதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் அழைப்பதால்தான் மெனுவில் தேடுபவர் தவிக்கிறார். சாம்சங்கில் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்', பானாசோனிக்கில் 'வியரா லிங்க்', பிலிப்ஸில் 'ஈசிலிங்க்'. பெயர் எதுவானாலும் அது டி.வி.யில் ஆன் ஆகியிருக்க வேண்டும்; ரிசீவரில் 'எச்.டி.எம்.ஐ. கன்ட்ரோல்' ஆன் ஆகியிருக்க வேண்டும். டி.வி.யின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வர, டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய ஜாக்கில்தான் கேபிள் இருக்க வேண்டும். 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பில்தான் இந்த ஏ.ஆர்.சி. அறிமுகமானது.

சி.இ.சி.யில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் ஒதுக்கப்படும். டி.வி.க்கு 0, ஆடியோ சிஸ்டத்துக்கு 5. படம் ஓட்டும் சாதனங்களுக்கு 4, 8, 11 என்று மூன்று எண்கள்தான். ஸ்டிரீமிங் ஸ்டிக், ப்ளூ-ரே, கேம் கன்சோல் என்று மூன்றும் இருக்கும் வீட்டில் நான்காவதாக ஒன்றைச் சொருகினால் அதற்கு எண் கிடைக்காமல் போகலாம். நேற்றுவரை நன்றாக இருந்த தானியங்கி வேலை, புதுச் சாதனம் வந்த நாளிலிருந்து நின்றுபோனால், அந்தச் சாதனத்தின் சி.இ.சி.யை மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று நின்றுபோனால், டி.வி., ரிசீவர், செட்-டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்தே பிடுங்கி, சில நிமிடம் விட வேண்டும். பிறகு டி.வி., அடுத்து ரிசீவர், கடைசியில் மற்றவை என்று வரிசையாக ஆன் செய்தால் எண்கள் புதிதாக ஒதுக்கப்படும். ரிமோட்டில் அணைத்து ஆன் செய்தால் இது நடக்காது.

கரன்ட் செய்யும் கோளாறு

பட்டறைகளும் வீடுகளும் ஒரே தெருவில் கலந்திருக்கும் தொழில் நகரத்தில், பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால் விளக்கு மங்கும். அந்த மங்கலில் ஆம்பும் சிக்கும். அசெம்பிள் ஆம்பின் ரிலேயை இயக்கும் சப்ளை சாதாரண டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தால், 230-க்கு 12 வோல்ட் கொடுக்கும் அது 180-க்கு 9.4 வோல்ட்தான் கொடுக்கும். ரிலே இழுக்கத் தேவையான எல்லை அதுவேதான். மாலை நேரத்தில் மட்டும் எழாத ஆம்ப் என்றால் சுவர் பிளக்கின் வோல்டேஜை அந்த நேரத்தில் அளக்க வேண்டும். மீட்டர் ஏ.சி. வரம்பில் இருப்பதை உறுதிசெய்துகொண்டே முனையை நுழைக்க வேண்டும்.

இதற்காக ஏர் கண்டிஷனருக்கு வாங்கிய ஸ்டெபிலைசரை ஆம்புக்கு மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில், கம்ப்ரஸரைக் காப்பதற்காகச் சில நிமிடம் தாமதித்தே வோல்டேஜ் வெளியே விடும் 'டைம் டிலே' உண்டு. கரன்ட் போய்வந்ததும் ரிசீவர் எழுந்திருக்கும், ட்ரிக்கரும் வந்திருக்கும், ஆம்புக்கு மட்டும் 230 வோல்ட் போய்ச் சேர்ந்திருக்காது. சற்றுப் பொறுத்தால் தானாகவே எழும் ஆம்பில் கோளாறு எதுவும் இல்லை.

ட்ரிக்கர் வந்ததும் ஆம்ப் எழாமல் வீட்டின் எம்.சி.பி. ட்ரிப் ஆகிறதா? இரண்டு, மூன்று டொராய்டு ஆம்புகள் ஒரே கணத்தில் ஆன் ஆகும்போது இது நடக்கும். 'பி' வகை எம்.சி.பி. அதன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கு கரன்ட்டில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். ஆக, 6 ஆம்பியர் 'பி' வகை 18 முதல் 30 ஆம்பியரிலேயே விழுந்துவிடும். எம்.சி.பி.யை மாற்றலாமா என்பதை வயரிங்கைப் பார்த்து எலக்ட்ரீஷியன் சொல்ல வேண்டும். அதற்கு முன் செய்யக்கூடியது, ஆம்புகளை ஒரே நேரத்தில் எழுப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவது. முதல் ஆம்பின் 'ட்ரிக்கர் அவுட்'டிலிருந்து இரண்டாவதற்குக் கொடுத்தால் பல மாடல்களில் ஒரு சிறு இடைவெளி தானாகவே கிடைக்கும். அசெம்பிள் ஆம்பில் சாஃப்ட்-ஸ்டார்ட் போர்டு ஒன்றைச் சேர்த்துவிடலாம்.

சர்வீஸுக்குப் போகும் முன்

இந்த வரிசையில் பார்த்தும் கோளாறு தீராவிட்டால், பெட்டியோடு ஒரு சீட்டும் போக வேண்டும். அதில் நான்கு விவரங்கள் போதும்:

1. ரிசீவர் ஆனில் இருக்கும்போது ட்ரிக்கர் ஒயரின் மறுமுனையில் எத்தனை வோல்ட்.
2. ஆம்பைச் சேர்த்த பிறகு அதே இடத்தில் எத்தனை வோல்ட்.
3. 9 வோல்ட் பேட்டரி கொடுத்தபோது ஆம்ப் எழுந்ததா, இல்லையா.
4. எந்த இன்புட்டில், எந்த நேரத்தில் கோளாறு வருகிறது.

முதல் அளவு 12 வோல்ட்டாக இருந்து, மூன்றாவது பதில் 'எழவில்லை' என்றால் சர்வீஸுக்கு ஆம்ப் போக வேண்டும். வேறு ஒயர் போட்டும், மெனுவைச் சரிபார்த்தும் முதல் அளவு பூஜ்யமாகவே இருந்து, பேட்டரிக்கு ஆம்ப் எழுந்தால், போக வேண்டியது ரிசீவர். ஆம்ப் வீட்டிலேயே இருக்கலாம். வாரண்டி முடியாத பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். மேலே சொன்னவற்றில், அசெம்பிள் ஆம்பில் ரிலேயோ சாஃப்ட்-ஸ்டார்ட் போர்டோ சேர்ப்பதைத் தவிர, எதற்குமே மூடியைக் கழற்றத் தேவையில்லை.